பின்பக்கத்துக்கு ஒரு ப்ளான்

வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீடுகளில் தரைத்தளத்துக்கு வாடகை குறைவு. படி ஏற வேண்டாம். தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு முதல் ஆளாக ஓடலாம். அப்படியும் ஏன் குறைவு என்பது, கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் போன முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சமையலறையின் பின்கதவைத் திறந்து வெளியே ஓர் அடி எடுத்து வைத்தேன். தலையில் முட்டை ஓடு விழுந்தது.

எங்கள் கட்டடத்துக்கும் ரயில்வே மதில்சுவருக்கும் நடுவில் நீளமாக ஒரு மண்தரை இருந்தது. குறுக்கே இரண்டு கட்டில் போடலாம், அவ்வளவு அகலம். மதிலுக்கு அந்தப் பக்கம் கொருக்குப்பேட்டை யார்டுக்குப் போகிற சரக்கு வண்டிகள். இந்தப் பக்கம் மூன்று மாடிகளின் சமையலறை ஜன்னல்கள். குப்பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கித் தெருமுனைத் தொட்டிவரை நடப்பதைவிட ஜன்னல் வழியாகக் கையை நீட்டுவது சுலபம் என்று மேலே இருந்தவர்கள் எல்லாரும் எப்போதோ கண்டுபிடித்திருந்தார்கள். டீத்தூள், வெங்காயத் தோல், தலைமுடிச் சுருள், மீன் செதில், குழந்தையின் மலம் துடைத்த துணி, எல்லாம் என் பின்கதவுக்கு முன்னால் வந்து சேரும்.

அந்த இடத்துக்குப் போக ஒழுங்கான வழியும் கிடையாது. ஒரு பக்கம் சாக்கடை உடைந்து முழங்கால் ஆழத்துக்குக் கறுப்புத் தண்ணீர். மறுபக்கத்தை ஒரு மளிகைக் கடைக்காரர் தகரம் அடித்துக் குடோன் ஆக்கிக்கொண்டிருந்தார். தரைத்தளத்தில் இருந்த மற்ற இரண்டு வீடுகளில் ஒன்று எப்போதும் பூட்டியே கிடக்கும். இன்னொரு வீட்டில் பின்கதவைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். அவர்கள் புத்திசாலிகள். ஆக, கால் நனையாமல் பின்பக்கம் போக வேண்டுமென்றால் என் வீட்டின் வழியாகத்தான் போக வேண்டும்.

என் கணவருக்கு யார்டில் சரக்கு ஏற்றி இறக்கும் இடத்தில் மேஸ்திரி வேலை. எனக்குத் தண்டையார்பேட்டையில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் வேலை. நாள் பூராவும் சட்டைக் காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தையல் கோணலைக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்கியவள் நான். அந்தப் பழக்கம் மனிதர்களிடமும் வந்துவிட்டது என்று என் கணவர் சொல்வார். வந்ததில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

எங்களுக்கு நேர் மேலே, முதல் மாடியில் இருந்தவள்தான் கொட்டுவதில் முதலிடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை துவைத்துக் காயப்போட்ட புடவைமேல் வஞ்சிரத்தின் குடல் விழுந்தது. நான் கீழே நின்று கூப்பிட்டேன்.

"யக்கா, மீனு குப்பைய கீய போடாதீங்க. தோய்ச்ச துணி மேல வுயுது."

ஜன்னலிலிருந்து அவள் தலை நீண்டது. "நான் போட்டத நீ பாத்தியா?"

"செதிலு உங்க கைல ஒட்டிகினு கீது."

"இன்னிக்கி எங்க வூட்ல மீனு. கைல செதிலு இல்லாம ரோஜாப்பூவா ஒட்டிகினு இருக்கும்? வந்துட்டா, கேக்கறதுக்கு."

ஜன்னல் மூடிக்கொண்டது. என் கணவர் உள்ளே இருந்து, "உடும்மா. மேல கீறவங்க. அப்டித்தான் இருப்பாங்க" என்றார். அவருக்கு உலகத்தில் எதையும் விட்டுவிட முடியும்.

"அப்பன்னா மேல ஒரு தகரமாச்சும் போட்டுக் குடு."

"போட்லாம், போட்லாம்."

அதையும் விட்டுவிட்டார்.

அந்தக் குப்பையிலிருந்து ஒரு நல்ல காரியமும் நடந்தது. யாரோ எறிந்த விதையிலிருந்து ஒரு பப்பாளி தானாக முளைத்து, மதிலை எட்டிப் பார்க்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. யாரும் தண்ணீர் விட்டதில்லை. மேலேயிருந்து விழுந்ததைத் தின்றே வளர்ந்தது. நான் கொடிக்கயிற்றின் ஒரு முனையை அதில்தான் கட்டியிருந்தேன். எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று வீசினால் அதன் இலைகளில் கரிப்பொடி படியும். ஈரத்துணியால் எட்டுகிற இலைகளை மட்டும் துடைத்துவிடுவேன். அந்த வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு பேசாத ஒரே உயிர் அதுதான்.

மீன் குடல் கொட்டியவளின் புருஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. கட்டடம் முழுக்க அவரை 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும். 'அண்ணா' என்றால் காது கேட்காது. அந்த வருஷம் ஆயுதபூஜை லீவில் அலுவலகம் தருகிற எல்.டி.சி. பயணச் சலுகையில் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போய்விட்டு வந்தார். போனவர் ஊட்டி வர்க்கிப் பொட்டலத்தோடு திரும்பியிருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஒரு மெரூன் நிற ஸ்வெட்டர், கழுத்துக்கு ஒரு மஃப்ளர், பூங்காவின் கலர்ப் படங்கள் போட்ட அட்டைகள் ஒரு கட்டு, இவற்றோடு திரும்பினார்.

மழை முடிந்து மார்கழி பிறந்தது. எங்கள் ஊர்க் குளிர் என்பது விடியற்காலையில் மின்விசிறியை ஒரு எண் குறைத்து வைப்பது. அதற்கு அந்த மனிதர் மஃப்ளரைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பால் வாங்கப் போவார். எதிரில் பனியனோடு வருகிறவர்களைப் பார்த்து, "என்ன குளிரு, என்ன குளிரு" என்பார். வருஷம் பூராவும் வியர்த்து வழிகிற ஊரில் மார்கழியில்தான் ஓர் ஆண்பிள்ளை காலை பத்து மணிக்கு வெளியே நின்று கையை நீட்டி நீட்டிப் பேச முடியும். அதனால்தானோ என்னவோ, எங்கள் பக்கத்தில் பெரிய பெரிய யோசனைகள் எல்லாம் மார்கழியில் பிறந்து மாசியில் செத்துப்போகும்.

அப்படி மார்கழியின் முதல் ஞாயிற்றுக்கிழமை வாசல் கதவைத் தட்டினார். நான் திறப்பதற்குள் உள்ளே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றவில்லை. அவருக்குப் பின்னால் மூன்றாம் மாடி வெல்டர், அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு ஆண்கள். கட்டிலைத் தாண்டி, புத்தர் படத்தைத் தாண்டி, நான் இட்லித் துணி அலசிக்கொண்டிருந்த சமையலறையைத் தாண்டி நேராகப் பின்பக்கம் போனார்கள். என் கணவரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனார்.

சேற்றில் கால் படாமல் மஃப்ளர்காரர் ஒரு செங்கல்மேல் ஏறி நின்றார். சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து எல்லாருக்கும் காட்டினார். பச்சைப் புல்வெளி, நடுவில் வட்டமாகப் பூக்கள்.

"பாத்துக்கோங்க. இந்த வேஸ்ட் லேண்டை நாம இப்படி ஆக்கப்போறோம். இதுக்குப் பேரு லேண்ட்ஸ்கேப். இங்க லான். சுவர் ஓரமா சிமெண்ட் பெஞ்ச். அந்தக் கடைசில ஒரு ஆர்ச், அதுல காகிதப்பூ கொடி. நடுவுல ஃபவுண்டன்."

அந்த நேரத்தில் மேலே ஜன்னல் திறந்தது. அவர் வீட்டு ஜன்னல்தான். அவர் அண்ணாந்து பார்க்கவில்லை. பேச்சையும் நிறுத்தவில்லை. செங்கல்லிலிருந்து அடுத்த செங்கல்லுக்கு ஒரு தாவு தாவினார். அவர் நின்ற இடத்தில் ஒரு கிண்ணம் ஊறவைத்த புளிச்சக்கை வந்து விழுந்தது. "ஃபவுண்டனைச் சுத்தி கலர் லைட்" என்று முடித்தார்.

அவரைப்பற்றி எனக்கிருந்த அபிப்பிராயம் அந்த ஒரு தாவலில் உறுதியாகிவிட்டது. மனைவி கொட்டுவது தெரியாத புருஷன் என்று அதுவரை அவருக்கு ஒரு சலுகை கொடுத்து வைத்திருந்தேன். அந்தத் தாவல் பல வருஷம் பழகிய தாவல்.

நான் கதவருகே நின்று கேட்டேன். "சார், மொதல்ல மேலேர்ந்து கொட்றத நிறுத்தலாமே? உங்க கிச்சன் பைப்பு வேற ஒடஞ்சி செவுரெல்லாம் வயிஞ்சிகினு கீது. அத சரி பண்ணாலே பாதி நாத்தம் போய்டும்."

அவர் சிரித்தார். வெல்டரைப் பார்த்துச் சிரித்தார், என்னைப் பார்த்தல்ல. "அதெல்லாம் சில்லறை விஷயம்மா. ப்ளான் பண்றப்போ பெருசா பாக்கணும்."

"ஃபவுண்டனுக்கு ஏது சார் தண்ணி? குடிக்கவே லாரிக்கு நிக்கிறோம்."

"அது மோட்டர் போட்டுட்டா அதே தண்ணி சுத்திச் சுத்தி வரும். டெக்னிக். உனக்குப் புரியாது. கொஞ்சம் டீ போட்டுக் குடு."

போட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது. ஆனால் போட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதே கூத்துதான். செருப்போடு வருவார்கள். என் வீட்டு நாற்காலிகளைப் பின்னால் தூக்கிக்கொண்டு போவார்கள். டீ கேட்பார்கள். ப்ளான் வாரத்துக்கு வாரம் பெருத்துக்கொண்டே போனது. ஆர்ச்சுக்குப் பக்கத்தில் சிமெண்டில் ஒரு மான். மானுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி மான். வெல்டர் ஊஞ்சலுக்குக் கம்பி வளைத்துத் தருகிறேன் என்றார். ஊஞ்சலுக்குப் பக்கத்திலேயே தன் பைக்கை நிறுத்திக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்பதையும் மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். பைக் எந்த வழியாக உள்ளே வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. என் சமையலறை வழியாகத்தான் வர வேண்டும். ஒருவரும் மண்வெட்டி கொண்டுவரவில்லை. ஒருவரும் குனியவில்லை. எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குப்பைக்கு நடுவில் நின்று, குப்பை இல்லாத ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது கூட்டத்தில் இடத்தை அளந்து கோடு போட வேண்டும் என்றார் மஃப்ளர்காரர். சுண்ணாம்புத் தூள் யாரிடமும் இல்லை. அவர் கண் என் ஜன்னல் திட்டில் இருந்த கோலமாவு டப்பாமேல் விழுந்தது. நான் வேண்டாம் என்பதற்குள் என் கணவர் எடுத்து நீட்டிவிட்டார். மாவு தீர்கிறவரை நீளமாக நாலு கோடு, நடுவில் ஃபவுண்டனுக்காக ஒரு வட்டம். மறுநாள் காலை என் வாசலில் கோலம் இல்லை.

வியாசர்பாடியில் எங்கே வெள்ளைக் கோடு போட்டாலும் பந்து வந்துவிடும். நாலு கோட்டையும் நடு வட்டத்தையும் பார்த்த தெருப்பையன்கள் கறுப்புத் தண்ணீரைப் பற்றிக் கவலைப்படாமல் இறங்கி வந்து, இரண்டு நாள் அங்கே கால்பந்து ஆடினார்கள். அந்த ப்ளானால் யாராவது சந்தோஷப்பட்டார்கள் என்றால் அவர்கள்தான்.

மூன்றாவது ஞாயிறு, நான் துணி துவைக்கிற கல்லைப் பார்த்து மஃப்ளர்காரர் முகம் சுளித்தார். "இது வ்யூவைக் கெடுக்குது. எடுத்துடணும். கொடியும் இருக்கக் கூடாது. லான்ல யாராவது ஜாக்கெட் காயப்போடுவாங்களா?" அப்புறம் பப்பாளியைப் பார்த்தார். "இது கரெக்டா ஃபவுண்டன் வர்ற இடம். ஊட்டில ஒரு இடத்துலகூட பப்பாளி பாக்கல."

"மரத்துல கைய வெக்காதீங்க சார்" என்றேன். "அது காய்ச்சிகினு கீது."

"யாரும்மா கைய வெக்கறா? சும்மா சொன்னேன்" என்றார்.

அந்த வாரத்தில் ஒரு நாள் கம்பெனியில் ஓவர்டைம். கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்து, சரக்கு வண்டி போகிறவரை நின்று, கால் வலிக்க வீட்டுக்கு வந்தேன். காலையில் உலர்த்திய துணியை எடுக்கப் பின்கதவைத் திறந்தால் துணி எல்லாம் தரையில் கிடந்தது. கொடிக்கயிறு சேற்றில் கிடந்தது. பப்பாளி இருந்த இடத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கட்டை மட்டும் நின்றது. வெட்டிய வாயிலிருந்து பால் இன்னும் வழிந்துகொண்டிருந்தது. மரம் மதில் ஓரம் சாய்ந்து கிடந்தது. ஒரு காய்கூட அதில் இல்லை.

என் கணவர் கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்குக் காலை ஷிப்டு. மத்தியானமே வந்திருப்பார்.

"மரத்த யாரு வெட்னது?"

"மேல சார்தான் ஆள இட்டுகினு வந்தாரு."

"நீ இன்னா பண்ணிகினு இருந்த?"

அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஜன்னல் மேல சாஞ்சிடப் போவுதுன்னு கவுறு கட்னாங்க. ஒரு கை புடின்னாரு."

"புட்ச்சியா?"

"பெரிய மன்ஷன் கேக்கறாரு. இல்லன்னா சொல்ல முடியும்?"

வெட்டியவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. கயிறு பிடித்தவர் மேல் கோபம்கூட வரவில்லை. காலர் கோணலாக இருக்கிற சட்டையைச் சரிசெய்யலாம். துணியே இற்றுப்போயிருந்தால் ஒதுக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்போம். அப்படித்தான் அவரைப் பார்த்தேன்.

அப்போது வாசலில் மேல்வீட்டுக்காரி நின்றாள். கையில் ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் பழுத்த பப்பாளித் துண்டுகள், அழகாகத் தோல் சீவி வரிசையாக வைத்திருந்தது.

"உன் மரத்து பயம்தான். தோ பாரு, எப்டி கீது, சக்கரையாட்டம். நாலு வூட்டுக்கும் குட்த்துட்டேன். உனக்கு குடுக்காம துன்ன மனசு வர்ல" என்றாள்.

அவள் முகத்தில் கேலி இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நிஜமாகவே நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு நின்றாள். தட்டை வாங்கி என் கணவருக்கு முன்னால் வைத்தேன். அவர் ஒரு நிமிஷம் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். பிறகு இன்னொன்று. கடைசித் துண்டுவரை தின்றார். நான் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டைக் கழுவி அவளிடம் கொடுத்தேன். வெறும் தட்டாகத்தான் கொடுத்தேன். ஒரு ஸ்பூன் சர்க்கரைகூடப் போடவில்லை.

அன்றிலிருந்து அவரிடம் வேலைக்கு மட்டும் பேசினேன். சோறு வைத்தேன். அரிசி தீர்ந்துபோனால் தீர்ந்துவிட்டது என்றேன். முதல் இரண்டு நாள் அவர் அதைக் கவனிக்கவே இல்லை. அதிலும் எனக்கு ஆச்சரியமில்லை.

ஞாயிறு வந்தது. கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. நான் திறந்தேன், ஆனால் நிலைப்படியில் நடுவாக நின்றுகொண்டேன். மஃப்ளர், ஸ்வெட்டர், பின்னால் வெல்டர், மற்ற இருவர்.

"வழி விடும்மா. மீட்டிங் இருக்கு."

"மீட்டிங் வெச்சிக்கோங்க சார். யாரு வாணாண்றது? இந்த வூட்டுக்குள்ள வயி இல்ல."

அவருக்குப் புரியவில்லை. "என்னம்மா பேசற? பின்னாடி காமன் ப்ளேஸ். எல்லாருக்கும் உரிமை இருக்கு."

"ப்ளேசு காமன்தான் சார். என் வூடு காமன் இல்லியே. சாக்கட பக்கமா சுத்திப் போங்க. உங்க உரிம அந்தப் பக்கமாவும் போவும்."

அவர் என் தலைக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார். "என்னப்பா இது? நீ சொல்லு."

என் கணவர் எழுந்து வந்தார். என் பின்னால் நின்றார். தொண்டையைக் கனைத்தார். "அது... சார்... அவ..." என்றார். அதோடு நின்றுவிட்டது. எனக்காகவும் பேசவில்லை, எனக்கு எதிராகவும் பேசவில்லை. அந்த அரை வாக்கியத்தையே அவர் செய்த பெரிய காரியமாக எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

நாலு பேரும் கட்டடத்தைச் சுற்றிப் போனார்கள். நான் பின்கதவைத் திறந்துகொண்டு போய்ப் பார்த்தேன். அதை மட்டும் விட மனசு வரவில்லை. வெல்டர் முதலில் கறுப்புத் தண்ணீரில் ஒரு கால் வைத்தார். அடுத்த கால் வைக்கவில்லை. "சார், எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு" என்று திரும்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை எந்த டூட்டி என்று யாரும் கேட்கவில்லை. மற்ற இருவரும் அவரோடு போய்விட்டார்கள். மஃப்ளர்காரர் மட்டும் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஒரு கல்லில் கால் வைத்தார். கல் அமுங்கியது. காலை உருவினார். கால் வந்தது, செருப்பு வரவில்லை. வெறும் காலைத் தூக்கிக்கொண்டு ஒரு காலில் நின்றபடி என்னைப் பார்த்தார்.

"இந்தத் தண்ணில எப்படிம்மா மனுஷன் வருவான்?"

"உங்க கிச்சன் தண்ணியும் இதுலதான் சார் கலக்குது" என்றேன்.

அதற்குப் பிறகு கூட்டம் நடக்கவில்லை. ஆனால் ப்ளான் நடந்தது. அவர் வீட்டுக்கு யாராவது வந்தால் சமையலறை ஜன்னலுக்கு அழைத்துவந்து காட்டுவார். கீழே பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கிற எனக்கு எல்லாம் கேட்கும். "அங்க லான். இங்க ஃபவுண்டன். மான் ரெண்டு. பர்மிஷனுக்காக வெயிட் பண்றோம்." விருந்தாளிகள் "ஓகோ, ஓகோ" என்பார்கள். அவர்கள் நகர்ந்ததும் அதே ஜன்னலிலிருந்து அவர்கள் குடித்த காபியின் சக்கை என் துவைக்கிற கல்மேல் விழும்.

போகி அன்று தெருவே டயர் புகையில் மூழ்கியிருந்தது. மூச்சு முட்டிக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஒரு மீன்பாடி வண்டி வந்து நின்ற சத்தம். என் கணவரும் அவர் யார்டு நண்பர் ஒருவரும் இரண்டு பெரிய தகரங்களை இறக்கினார்கள். மூலக்கொத்தளம் பக்கம் பழைய இரும்புக் கடையில் எடுத்ததாம். சவுக்குக் கட்டைகளை நட்டு, கம்பி இழுத்து, பின்கதவுக்கும் துவைக்கிற கல்லுக்கும் மேலே சரிவாகத் தகரத்தைப் போட்டார்கள். ஆணி அடிக்கிறபோது கட்டை விரலில் ஒரு அடி பட்டு ரத்தம் கட்டிக்கொண்டது. நான் மஞ்சள் எடுத்துக் கொடுத்தேன். "போட்டாச்சி" என்றார். "பாத்தேன்" என்றேன்.

பொங்கலன்று மத்தியானம் முதல் சோதனை நடந்தது. மேல்வீட்டு ஜன்னல் திறந்தது. கரும்புச் சக்கையும் தேங்காய் ஓடும் ஒன்றாக வந்து விழுந்தன. டமார் என்று சத்தம். மதிலுக்கு அந்தப் பக்கம் நாய் குரைத்தது. இரண்டாம் மாடிக் கைக்குழந்தை வீறிட்டது. மூன்று மாடி ஜன்னல்களிலும் தலைகள் நீண்டன. எல்லாத் தலைகளும் பார்த்த இடத்தில் அவள் கை இன்னும் ஜன்னலுக்கு வெளியே, வெறும் முறத்தோடு, இருந்தது.

இரண்டாம் மாடிப் பெண் கத்தினாள். "இன்னாடி இது, குண்டு வெட்ச்ச மாரி! புள்ள தூங்கிகினு கீதில்ல?"

"கை தவறிடிச்சிக்கா" என்றாள் மேல்வீட்டுக்காரி. கேட்டவளும் தன் ஜன்னல் வழியாக அத்தனை வருஷமும் கொட்டியவள்தான். அசிங்கத்துக்கு வெட்கப்படாதவர்கள் சத்தத்துக்கு வெட்கப்பட்டார்கள். என் புடவைமேல் குடல் விழுந்தபோது ஒரு தலையும் நீளவில்லை.

அதோடு நின்றுவிட்டது என்று சொன்னால் பொய். சில நாள் நின்றது. அப்புறம் மேல்வீட்டுக்காரி ஒரு வழி கண்டுபிடித்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் சரக்கு வண்டி தடதடத்துப் போகிற நேரம் பார்த்துக் கொட்டினாள். அந்தச் சத்தத்தில் தகரத்தின் சத்தம் அமுங்கிவிடும். வண்டி தாமதமானால் அவள் முறத்தோடு ஜன்னலில் காத்து நிற்பது எனக்குத் தெரியும். படியிறங்கித் தொட்டிவரை போய்வர ஆகிற நேரத்தைவிட அதிகமாகவே நின்றிருப்பாள். அந்தப் பொறுமையை எதில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எப்படியோ, தகரம் சரிவாக இருந்ததால் எல்லாம் வழுக்கிக்கொண்டு மதில் ஓரம் போய் விழுந்தது. என் துணி பிழைத்தது.

மாசி பிறந்து வெயில் ஏறியதும் மஃப்ளரும் ஸ்வெட்டரும் பெட்டிக்குள் போயின. கூடவே மானும் ஃபவுண்டனும் போயின. உடைந்த பைப்பை மட்டும் யாரும் தொடவில்லை. சுவரில் பாசி ஏறிக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் தண்ணீர் லாரிக்காகத் தெருவில் நின்றுகொண்டிருந்தோம். பூட்டிக்கிடந்த வீட்டுக்குப் புதிதாக ஒருவர் குடிவந்திருந்தார். மஃப்ளர்காரர் அவரைப் பிடித்துக்கொண்டு எங்கள் வரிசைக்குப் பக்கத்தில் நின்று பேசினார்.

"பின்னாடி ஒரு ஷெட் போட்டிருக்கே, பாத்தீங்களா? நம்ம ப்ளான்ல ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் அது. யூட்டிலிட்டி ஏரியா. அடுத்த சீசன்ல லான் ஆரம்பிச்சிடுவோம்."

புதியவர் மரியாதையாகத் தலையாட்டினார். நான் என் இரண்டு குடங்களையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மனிதரிடம் பேசுவதே எனக்கு வீண் என்று ஆகிவிட்டிருந்தது. பக்கத்தில் இரண்டு குடத்தோடு நின்ற என் கணவர் தொண்டையைக் கனைத்தார். எனக்கு அந்தக் கனைப்பு தெரியும். அதற்குப் பின்னால் ஒன்றும் வராது.

"இல்ல சார்" என்றார். "அது உங்க ப்ளான் இல்ல. என் வூட்டுக்காரி வந்த நாளாக் கேட்டுகினு இருந்தா. மேல உங்க வூட்லேர்ந்து கொட்றாங்கன்னு போட்டது."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். மஃப்ளர்காரர் ஒரு கணம்தான் தடுமாறினார். உடனே புதியவரின் தோளில் கைபோட்டு, "அதான் நான் எப்பவும் சொல்றது. லேடீஸ் சஜஷனையும் எடுத்துக்கணும்" என்று சொல்லிக்கொண்டே அவரை மாடிப்படிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

என் கணவர் என் பக்கம் திரும்பவில்லை. காதுமடல் சிவந்திருந்தது. லாரி வந்தது. குடங்களை நிரப்பினோம். அவர் மூன்றைத் தூக்கிக்கொண்டார், எனக்கு ஒன்றைத்தான் விட்டார்.

அந்த ஒரு பேச்சுக்காக எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. கயிறு பிடித்த கையும், வரிசையாக வைத்த துண்டுகளைக் கடைசிவரை தின்ற வாயும் எனக்கு மறக்கவில்லை. அன்றைக்கு மீன் குழம்பு வைத்திருந்தேன். சோற்றில் நடுத்துண்டை அவருக்குப் போட்டேன். மீன் குப்பையைத் தாளில் சுற்றி, தெருமுனைத் தொட்டியில் போட்டுவிட்டு வரச் சொன்னேன். போனார்.